சுமை கேட்காமல் சொன்ன வழி

ரிஷிவந்தியம்,
புதன்கிழமை.

அன்பு மகள் அபிநயாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். என் முழங்காலில் மட்டும் தோல் உரிந்திருக்கிறது. வரப்பில் வழுக்கிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் வாயைத் திறக்காதே.

நாளைக் காலையில் நம் காசிநாதன் டிராக்டர் சாமான் வாங்க பெங்களூர் வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். நேற்று சொன்னேனே! மலையில் ஓடை வழியில் போகாதே என்று ஆரம்பித்ததுமே சிரித்தாய். எப்பப் பார்த்தாலும் இப்படித்தாம்ப்பா பயமுறுத்துவீங்க, மீட்டிங் இருக்கு என்று வைத்துவிட்டாய். அப்புறம் நாலு தடவை அடித்தேன், எடுக்கவில்லை.

உன்னைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? சைக்கிள் வேண்டாம், விழுவாய் என்றேன். ஹாஸ்டல் வேண்டாம், சாப்பாடு ஒத்துக்காது என்றேன். பெங்களூர் வேலைக்குப் போகாதே என்றதைக் கேட்காமல் நீ போனதற்கு ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். அதை மிரட்டலாகவே சொல்லிப் பழகிவிட்டேன்.

அப்படி இருக்க, போன மாதம் நீயாகவே கூப்பிட்டாய். ஆபீசில் ஒன்பது பேர் சேர்ந்து முதுகுப் பையோடு கல்வராயன் மலையில் ரெண்டு நாள் நடக்கப் போகிறோம், வனத்துறை அனுமதியும் வாங்கியாச்சு என்றாய். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழி, பழகியவர்களுக்கு ஒரு வழி, நன்றாக ஏறுபவர்களுக்கு ஒரு வழி என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லச் சொன்னாய். "உங்களுக்குத் தெரியாத மலையாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டாய் பார், அதில் விழுந்துவிட்டேன்.

எனக்கு அந்த மலை தெரியாது அபி. புளி வாங்க வெள்ளிமலை வரைக்கும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தவன் நான். சின்ன வயதில் உனக்கு அளந்த கதையெல்லாம் சும்மா. ஆனால் ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்ட பிள்ளையிடம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாளே வெள்ளிமலைக்குப் போய், நமக்குப் புளி கொடுக்கும் தங்கமணியம்மாவைக் கேட்டேன். அது அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பொம்பளை. ஓடை வழி சுலபம், மேட்டு வழி கொஞ்சம் சிரமம், சுற்று வழிதான் ரொம்பக் கஷ்டம் என்றது. அதை அப்படியே நான் நடந்து பார்த்தது போல உனக்குச் சொன்னேன். நீயும் லிஸ்ட் போட்டு எல்லாருக்கும் அனுப்பிவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அவள் போனில் உன் போட்டோவைக் காட்டினாள். உன் முதுகில் தலைக்கு மேல் எழும்பி நிற்கிறது பை. பன்னிரண்டு கிலோ என்று எழுதியிருந்தாய். முதுகுப் பை என்று நீ சொன்னபோது பள்ளிக்கூடப் பை அளவுதான் நினைத்தேன். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தாங்களே இவ்வளவு சுமை தூக்குவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டில் மூட்டை தூக்க ஆள் வரும், நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூட நடப்பேன். அந்தப் புத்திதான் எனக்கு.

திங்கட்கிழமை, விதைக்கு வைத்திருந்த மல்லாட்டைக் கடலையில் பன்னிரண்டு கிலோவை யூரியா சாக்கில் கட்டி, முதுகில் மாட்டிக்கொண்டு அந்தச் சுலபமான வழியில் போனேன். ஓடையைத் தாண்டும் வரைக்கும் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் ஒரு பாறைச் சரிவு. கால் வைக்க ஒரு முழ அகலம், நீளம் இருபது அடி இருக்கும். கீழே குனிந்தால் மரங்களின் உச்சிதான் தெரிகிறது. வெறும் ஆளாக இருந்தால் பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு நகர்ந்துவிடலாம். சுமை இருந்தால் பாறை சாக்கைத் தள்ளுகிறது, சாக்கு நம்மைத் தள்ளுகிறது. பாறையைப் பார்த்துத் திரும்பினால் சாக்கு பின்னால் இழுக்கிறது.

நட்ட நடுவில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கடைசியில் ஒரு கையால் முடிச்சை அவிழ்த்துச் சாக்கை விட்டுவிட்டேன். விழுந்த சத்தம் உடனே கேட்கவில்லை. காத்திருந்தேன், அப்புறம்தான் கேட்டது. முதல் தடவையாக மலைக்கு வருகிறாள், அதனால் ஆபீஸ் தோழி எழில்மதியையும் இன்னும் இரண்டு பேரையும் ஓடை வழியில் அனுப்புகிறேன் என்று நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணைப் பெற்றவர்களை நான் பார்த்ததுகூட இல்லை.

தவழ்ந்துதான் திரும்பி வந்தேன். தங்கமணியம்மா என் முழங்காலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது. "வெறுங்கையோட வந்து கேட்டீங்க, வெறுங்கைக்கு வழி சொன்னேன். நாங்கல்லாம் மொதல்ல சுமை எவ்ளோன்னு கேப்போம், அப்பறந்தான் வழி சொல்லுவோம்" என்றது.

புளி மூட்டையோடு அவர்கள் இறங்குவது, நான் கஷ்டம் என்று சொன்ன அந்தச் சுற்று வழியில்தானாம். ஏற்றம் ஜாஸ்தி, மூச்சு வாங்கும். ஆனால் அங்கங்கே உட்கார இடம் உண்டு, கால் தவறினாலும் புதரில்தான் விழுவோமாம். மேட்டு வழியிலும் இதுபோல ஒரு பாறை இருக்கிறதாம். அதனால் ஒன்பது பேரும் பிரியாமல் சுற்று வழியிலேயே போங்கள். முடியாதவர்கள் பாதியில் திரும்பட்டும். தங்கமணியம்மா கூட வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறது.

அந்த லிஸ்டைக் கிழித்துப் போடு. நண்பர்கள் முன்னால் கூச்சமாக இருந்தால், என் அப்பா தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டார் என்று சொல். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இத்தனை வருஷம் உன்னைப் பயமுறுத்தினேன், வாஸ்தவம். இது அது இல்லை அம்மா. இது நான் பயந்துபோய் எழுதுவது.

நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நீங்கள் மலையேறும் சனிக்கிழமை விடிந்ததும் ஓடை வழி தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ வந்தால் என்னை நாலு திட்டு திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் போய்விடாதே.

எல்லாரும் பத்திரமாக வந்து சேர அர்த்தநாரீஸ்வரரை வேண்டிக்கொண்டு,
உன் அப்பா
நாராயணசாமி