சுவருக்கு முன்னால் நின்ற வாசல்

என் பிரியமுள்ள சலீம் மாப்ள,

முதலில் நல்ல செய்தி. நாம் வரைந்த வீட்டில் ஆள் குடியேறிவிட்டார்கள். அடுப்பு, அண்டா, கொசுவலை, டிவி என்று சகலத்தோடும் வந்துவிட்டார்கள். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டின இடத்தில், கல்தூண்களின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது வீடு. யார் யாரிடமோ சொல்லிப் பார்த்துவிட்டேன். உன்னிடம் சொல்லாதவரை சொன்ன மாதிரியே இல்லை.

கோரிப்பாளையத்தில் உன் மொட்டைமாடியில் மாதிரிக்கு ஓர் அறை நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? வைக்கோலை அழுத்திச் செய்த பேனல், இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பூச்சு. போல்ட் போட்டு முடுக்கினால் சுவர், கழற்றினால் லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். கதவை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். முன்பக்கம் திறந்து கிடந்ததைப் பார்த்து உங்கள் தெருவே கேட்டது: "என்ன பாய், பொட்டிக்கடையா? எப்ப டீ போடுவீங்க?" நீ கோபப்படவே இல்லை. கேட்டவனுக்கெல்லாம் கீழே இருந்து டீ வரவழைத்துக் கொடுத்தாய்.

"ஒரு குடும்பம் இதுல சோறாக்கித் திங்கட்டும் மாப்ள, அப்புறம் பாரு" என்பாய். அதைப் பார்க்காமலே போய்விட்டாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு உன்மேல் இன்னும் இருக்கிறது. என்ன அவசரம் உனக்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்மை நம்பி வந்தது தமிழரசி, மதுரையில் நர்ஸாக இருக்கிற பெண். அவள் குடும்பத்தில் முந்தைய தலைமுறை முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். சொந்த இடத்தில் அவர்கள் எழுப்பும் முதல் வீடு இது. இப்போதைக்கு ஓர் அறையும் சமையலறையும் போதும், கையில் தோது வரும்போது இன்னோர் அறையைச் சேர்த்து மாட்டிக்கொள்கிறேன் என்றாள். நாம் வரைந்ததும் அதற்குத்தானே!

அவள் அம்மா பேச்சியம்மாளுக்குத்தான் அரைமனது. பழங்காநத்தத்தில் நம் பட்டறைக்கு வந்து பேனலை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார். சரி என்று மட்டும் சொல்லவில்லை. "அம்மாவுக்குப் பிடிக்கலைன்னா வேணாம் சார்" என்று தமிழரசி முதலிலேயே சொல்லிவிட்டாள். இவர்கள் வேண்டாமென்றால் அடுத்து யார் வருவார்கள்? நம் வீடு பொட்டிக்கடையாகவே முடிந்துபோகும்.

தளம் போட்டு முடித்து, காலையில் லாரியோடு போய் இறங்கினோம். பேச்சியம்மாள் குளித்து, புதுச்சேலை கட்டி, தட்டில் மஞ்சள், குங்குமம், மாவிலை, பூ எல்லாம் வைத்துக்கொண்டு நிற்கிறார். கூடவே சொந்தக்காரர்கள் ஒரு பட்டாளம்.

"நிலைய எங்கப்பா? ராகு காலத்துக்கு முன்ன நட்டுறணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்ள, நாம் வெயிலை யோசித்தோம், மழையை யோசித்தோம், கரையானை யோசித்தோம், காற்று எந்தப் பக்கம் வரும் என்று பார்த்தோம். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேரும் நிலை வைப்பதை மறந்துவிட்டோமே! நம் வரைபடத்தில் பின்சுவர் முதலில், பக்கச்சுவர்கள் அடுத்து, கதவு நிலை உள்ள முன்சுவர் கடைசியில். சாமான் உள்ளே போக வழி வேண்டும் என்று எவ்வளவு புத்திசாலித்தனமாக யோசித்திருக்கிறோம் பார்.

மேஸ்திரி கருப்பசாமி தலையைச் சொறிந்தார். "அண்ணே, இதை மொதல்ல நட்டா சாயுமேண்ணே. முட்டுக் குடுக்கச் செவரே இல்லையே."

பேச்சியம்மாள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "வாசல் வைக்காம செவரு வச்சா அது வீடு இல்ல தம்பி, டப்பா. லாரியில ஏத்திக்கிட்டுப் போயிருங்க." தமிழரசி என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நாம் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. பேனலைப் பெரிதாகச் செய்து கிரேன் வைத்துத் தூக்கலாம் என்று நான் நின்றேன். "நாலு பேர் தூக்க முடியாத சொவத்த நான் வரைய மாட்டேன். கெரேன் போற சந்தா நம்ம ஊருல இருக்கு?" என்று நீ ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை. கடைசியில் உன் பிடிவாதம்தான் ஜெயித்தது. அதனால் இந்த நிலையையும் நாலு பேர் கையாலேயே நிறுத்திப் பிடித்துவிடலாம்!

"அம்மா, வாசலைத்தான் மொதல்ல வைக்கிறோம். செவரு வர்ற வரைக்கும் ஆளுங்க பிடிச்சுக்கணும்" என்றேன்.

பேச்சியம்மாளின் தம்பி வேட்டியை மடித்துக் கட்டினார். "காளையவே பிடிக்கிறோம், கதவைப் பிடிக்க மாட்டமா?"

அந்த நேரத்தில் நீ இருந்திருக்க வேண்டும் மாப்ள! வெட்டவெளியில், சுற்றி ஒரு சுவரும் இல்லாமல், மஞ்சள் பூசி மாவிலை கட்டின ஒரு வாசல் மட்டும் நிற்கிறது. மாமன்களும் மச்சான்களும் முறை போட்டுப் பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்பேனர் எடுத்து வந்த பையனொருவன் பக்கவாட்டில் தளத்தின் மேல் ஏறப் போனான். "ஏலே, வாசல் எதுக்கு இருக்கு? சுத்தி வாடா!" என்று பேச்சியம்மாள் ஒரு சத்தம் போட்டார். அதற்கப்புறம் பேனல் தூக்கினவன், போல்ட் கொண்டுவந்தவன், நான், எல்லோரும் அந்த வாசல் வழியாகவே போய்வந்தோம். சுவரில்லாத வீட்டுக்குள் தலைகுனிந்து வலது காலை வைத்து நுழைந்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் கொஞ்சம் உனக்காகவும்தான்.

சாயங்காலம் பால் காய்ச்சினார்கள். பொங்கி வழிந்ததும் பேச்சியம்மாள் முதல் டம்ளரை என் கையில் கொடுத்தார். "நீயும் உன் கூட்டாளியும் நல்லாத்தான்யா செஞ்சிருக்கீக" என்றார். உன்னை அவர் பார்த்ததே இல்லை. நாள் முழுக்க நான் உன்னைப் பற்றியே பேசியிருப்பேன் போல.

நம் வரைபடத்தைத் திருத்திவிட்டேன். இனி எல்லா வீட்டுக்கும் முதல் வேலை வாசல்தான். அது தனியாக நிற்க இரண்டு முட்டுக்கம்பிகளையும் சேர்த்திருக்கிறேன்.

உன் மொட்டைமாடி அறையில் இப்போது உன் மகள் ஆயிஷா உட்கார்ந்து படிக்கிறாள். மழைச்சாரல் அடிக்கிறது என்று தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நானும் கருப்பசாமியும் கதவோடு வருகிறோம். இது சத்தியம். கதவு நிற்கும்வரை ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். இன்னொரு பக்கம் உன்னுடையது. ஆயிஷா பிடித்துக்கொள்வாள்.

பொட்டிக்கடையை மூடியாச்சு மாப்ள. இனி அது வீடு.

என்றைக்கும் உன் மாப்ள,
சரவணன்