ஒருமுறை இருமியிருக்கலாம்

ஜூன் 9

வாண்டுவின் அம்மாவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாம் பிரிந்த நாளிலிருந்து, உன்னைப் பற்றி யார் கேட்டாலும் "நல்ல நர்ஸ், நல்ல அம்மா" என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன். உன் அண்ணன் என் அகராதியை எடுத்துப்போய்த் திருப்பித் தராததைக்கூட யாரிடமும் சொன்னதில்லை. இந்த விஷயத்தில் அப்படி இருக்க முடியாது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று மாலை நம் மகள் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "அம்மா வீடு இருக்க, இங்க ஏன் வந்தே?" என்று கேட்டேன். "அம்மாதான்ப்பா என் பேரைக் கொடுத்தாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவள், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்து, உனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே. அவள் நர்ஸாக இருக்கும் அதே ஆஸ்பத்திரியில் நீ தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஒரு நோயாளியைத் தொட்டவர்கள் அடுத்தவரைத் தொடும் முன் கை கழுவுகிறார்களா என்று கவனிப்பது உன் வேலை. வெள்ளைக் கோட்டோடு வந்தால் எல்லோரும் உஷாராகிக் குழாயடிக்கு ஓடுகிறார்கள் என்று, அன்றைக்கு வீட்டு உடையில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மூலைப் படுக்கையின் திரைக்குப் பின்னால் யாரோ நோயாளிக்குச் சொந்தக்காரி போல உட்கார்ந்திருந்தாய். வாண்டு ஒரு பெரியவரின் சீழ் வைத்த புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படுக்கையில், காலில் ஆபரேஷன் ஆன லாரி டிரைவர். "சிஸ்டர், கட்டு அவுந்துபோச்சு, கொஞ்சம் வாங்க" என்று அவர் கூப்பிட்டார். இவள் அதே கையுறையோடு போய்க் கட்டைச் சரிசெய்து ஒட்டிவிட்டாள். நீ உன் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டாய்.

ஒருமுறை இருமியிருக்கலாம். உன் இருமல் அவளுக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்திருப்பாள், கையுறையைக் கழற்றியிருப்பாள், கழுவியிருப்பாள். வார்டு நிறைய நோயாளிகள், ஓடுவதற்கு இரண்டே நர்ஸுகள். அவளும் மனுஷிதானே.

என்னையும் நீ இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். தப்பு நடக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய். பிற்பாடு அத்தனையையும் வரிசையாக ஒப்பிப்பாய். நான் பாடம் எடுத்த கல்லூரியில் ஆய்வகம் தீப்பிடித்தபோதும், பார்த்தவர்கள் எல்லோரும் விசாரணையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் பழி என் தலையில் விழுந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

நீ பார்த்தும் தடுக்கவில்லை என்பதை உங்கள் நிர்வாகத்துக்கு எழுதப்போகிறேன். முதுகில் குத்துவது என் வழக்கமில்லை என்பதால் உனக்கு முதலில் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
வாண்டுவின் அப்பா

ஜூன் 13

வாண்டுவின் அப்பாவுக்கு,

வணக்கம். அவள் சாப்பிடுகிறாளா? மனசு சரியில்லை என்றால் பகலெல்லாம் தூங்குவாள். எழுப்பித் திட்டாதீர்கள்.

நீங்கள் நிர்வாகத்துக்கு எழுத வேண்டியதில்லை. நான் பார்த்ததையும் தடுக்காததையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நானும் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன்.

கவனிக்கும்போது நாங்கள் பெயர் எழுதுவதில்லை. யாரையும் மாட்டிவிடுவதற்காக அதைச் செய்வதில்லை. ஆனால் நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தால், கவனிக்கிறவள் எழுந்துபோய்த் தடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். வேறொரு பெண்ணாக இருந்தால், "ஏம்மா, முதல்ல அந்த க்ளவுஸைக் கழட்டு" என்று சத்தம் போட்டிருப்பேன். இவள் என்பதால்தான் உட்கார்ந்துவிட்டேன். வார்டு நடுவே அம்மா மகளை அவமானப்படுத்தினாள் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். மேலாகத்தானே தொட்டாள், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டிரைவருக்குக் காய்ச்சல் வந்தது. பெரியவரின் புண்ணில் இருந்த அதே கிருமி. காலைத் திறந்து கழுவினார்கள், மறுபடியும் திறந்தார்கள். காலை எடுக்க வேண்டியிருக்காது என்கிறார்கள். முழங்கால் இனி மடங்குமா என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

அன்றைக்குக் காலையில் அவருக்குக் கட்டுப் போட்டது ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஓர் ஆண் நர்ஸ். கிருமி அவர் கையால்தான் வந்தது என்று, அந்த நர்ஸை வேலையைவிட்டு அனுப்ப முடிவு செய்துவிட்டார்கள். அவர் என் அறைக்கு வந்து, "மேடம், நான் கை கழுவிட்டுத்தான் கட்டுனேன். யாருமே நம்பலை. நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டார். "நம்புறேன்ப்பா" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் போய் இரண்டு பெயர்களைக் கொடுத்தேன். ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது.

ஆய்வகத் தீயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பார்த்தவர்களில் ஒருத்தனாவது வாயைத் திறந்திருந்தால் என்று எத்தனை முறை புலம்பியிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்கள் சொல்வது சரி. இருமியிருக்கலாம்.

வாண்டுவின் அம்மா

ஜூன் 16

வாண்டுவின் அம்மாவுக்கு,

சாமர்த்தியமாக எழுதுகிறாய். என் கதையை எடுத்தே என் வாயை அடைக்கப் பார்க்கிறாய். அந்த ஒப்பந்த நர்ஸ் நல்லவராகவே இருக்கட்டும். அவர் என் பிள்ளை இல்லை. என் பிள்ளை என் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. "எனக்கு ஞாபகம் இல்லை" என்று மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். மருந்து மயக்கத்தில் யார் வந்தார்கள் என்று தெரியாது என்று டிரைவரே சொல்லிவிட்டாராம். மிச்சம் உன் வார்த்தையும் அவள் வார்த்தையும்தான். பெற்ற மகளைக் காட்டிக்கொடுத்தவளின் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

வாண்டுவின் அப்பா

ஜூன் 18

வாண்டுவின் அப்பாவுக்கு,

அவள் ஞாபகம் இல்லை என்றால், அது பொய் என்று நான் எதிர்த்துச் சொல்ல மாட்டேன். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் ஜெயித்துவிடலாம்.

ஆனால் அவள் மறுபடி வார்டுக்குப் போவாள். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குத் திரும்பும்போது அவளுக்கு இது ஞாபகம் இருக்க வேண்டுமா, வேண்டாமா? இதை மட்டும் யோசியுங்கள்.

அவளுக்குக் கை வெடித்திருக்கும். ஏதாவது களிம்பு வாங்கிக் கொடுங்கள்.

வாண்டுவின் அம்மா

ஜூன் 23

உனக்கு,

வெள்ளிக்கிழமை நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மீதியை நான் சொல்லாவிட்டால் அவளும் சொல்ல மாட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "ஞாபகம் இல்லைன்னா நம்புவாங்களாப்பா?" என்று கேட்டாள். "நம்பணும்னு அவசியமில்லை. நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான்" என்றேன். வகுப்பில் சூத்திரம் எழுதிப்போடுகிற குரலில் சொன்னேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா எனக்கு ஞாபகம் இருக்கேப்பா. அந்த ஆளு தேங்க்ஸ் சிஸ்டர்னு சொன்னாரு. அதுகூட ஞாபகம் இருக்கு" என்றாள். "வாயை மூடிட்டு வா" என்றேன். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யார் எது கேட்டும் தயங்கவில்லை. எழுதி நீட்டியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே வந்தவளிடம் நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன். முட்டாள் என்பதுதான் அதில் நல்ல வார்த்தை. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "திட்டி முடிச்சிட்டீங்களா? நான் அந்த டிரைவரைப் பார்க்கப் போறேன். நீங்க வீட்டுக்குப் போங்கப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உடம்பு சரியில்லாத ஆளிடம் பேசுவது போலப் பேசினாள்.

நான் போகவில்லை. கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே வந்தேன். வார்டு வாசலில் இருக்கும் குழாயில் நீயும் அவளும் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். அவள் விரலிடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நீ அவள் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டாய். அவள் உன் கையைத் தட்டிவிடவில்லை. பிறகு இருவரும் உள்ளே போனீர்கள். நான் கதவில் கை வைத்தேன். ஒரு சின்னப் பெண், நர்ஸ்தான், "சார், கை கழுவிட்டு உள்ள போங்க" என்றாள். குழாயடிவரை போனேன். உள்ளே போய் அந்த டிரைவரிடம் நான் யார் என்று சொல்வது? திரும்பி வந்துவிட்டேன்.

அவளுக்கு மூன்று மாதம் வேலை இல்லை, அப்புறம் மறுபடி பயிற்சி என்று கேள்விப்பட்டேன். உனக்கு என்ன முடிவு என்று எனக்குச் சொல்வாரில்லை. அந்த ஒப்பந்த நர்ஸுக்கு வேலை திரும்பக் கிடைத்ததாம். அதில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். எழுதவில்லை.

நேற்று வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்விட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள்.

இந்தக் கடிதத்தின் கீழே வழக்கம்போல வாண்டுவின் அப்பா என்று எழுதி, அடித்துவிட்டேன். அவளைப் பொய் சொல்லச் சொன்னதும் அந்த ஆள்தான். என் முழுப் பெயரையும் பட்டங்களையும் எழுதிப் பார்த்தேன். கல்லூரி நிர்வாகத்துக்கு நான் அனுப்பிய மனுக்களைப் போல இருந்தது, அதையும் அடித்தேன். தாளை மாற்றி முழுதும் திரும்ப எழுதியாயிற்று. கடைசி வரிக்கு வந்தால் மறுபடியும் கை நிற்கிறது. அவள் தயங்காமல் செய்ததை என்னால் செய்ய முடியவில்லை. தபால்பெட்டி திறக்கும் நேரமாகிவிட்டது. கையெழுத்தில்லாமலே போடுகிறேன்.