சரித்திரம் படிக்கிற பெண்

ஜனவரி 17, 1973, புதன்

பொங்கல் லீவு முடிந்தது. காலையில் நல்ல பனி. அம்பத்தூர் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரமே தெரியவில்லை. வண்டி லேட். சென்ட்ரலில் இறங்கி பார்க் ஸ்டேஷனுக்கு ஓட்டம். முதல் பீரியட் கோவிந்தா.

மத்தியானம் நெறியியல். நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா? பாதிரியார் (எங்கள் தத்துவத் துறைத் தலைவர்) வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்தார். நான் ‘சொல்லலாம்’ கட்சி. யாருக்கும் நஷ்டமில்லாத பொய்யில் என்ன பாவம் என்று விளாசித் தள்ளினேன். கைதட்டல். பாதிரியார் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாங்க: மை, ரிப்பன், அப்பாவுக்குத் தைலம்.

ஜன. 19, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். எனக்கே இன்றுதான் சொல்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஆவடியில் வேலை, கவர்மெண்ட் பாக்டரி. பிடித்துவிட்டால் மாசியிலேயே கல்யாணமாம். கடைசிப் பரீட்சை ஏப்ரலில். மூன்று வருஷம் படித்ததெல்லாம்?

அம்மா: “பரீட்ச எழுதி இன்னா ஆவப் போவுது.”

இன்னொன்று. நான் சரித்திரம் படிப்பதாகத் தரகரிடம் சொல்லியிருக்கிறாள். தத்துவம், அதுவும் கிறிஸ்தவக் கல்லூரியில் என்றால், கடைசியில் கன்னியாஸ்திரி ஆகிவிடுவேன் என்று தெருவே பேசுமாம். அதனால் ஆரம்பத்திலிருந்தே எல்லாரிடமும் சரித்திரம்தானாம்.

“நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கிறேன்.”

அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்டேன். “உங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அம்மா மேல் கோபம். பாவமாகவும் இருக்கிறது. என்னை நல்ல இடத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஜன. 21, ஞாயிறு

வந்தார்கள். கேசரி, பஜ்ஜி. அம்மாவின் கல்யாணப் புடவை எனக்கு. மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை. நான்தான் அவரை நன்றாகப் பார்த்தேன். நல்ல மாதிரி.

அவருடைய அம்மா கேட்டார். “இன்னா படிக்கிற, கண்ணு?”

“சரித்திரம்” என்று அம்மா முந்திக்கொண்டாள்.

“பொண்ணு சொல்லட்டும்.”

ஒரே வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லாதது. வாயில் வரவில்லை. புதன்கிழமை அப்படி விளாசினவளுக்கு! அந்த அம்மாளுக்கு நல்ல முகம், அதனால் இருக்கலாம். “தத்துவம் படிக்கிறேங்க” என்றேன்.

“அப்டின்னா?”

“எது நியாயம், கடவுள் இருக்காரா, இதெல்லாம்.”

“சாமி கீறாரா இல்லியான்னா? படிச்சி இன்னா முடிவாச்சி?”

“இன்னும் முடியலைங்க. ஏப்ரல்ல பரீட்சை.”

கிண்டலாகச் சொல்லவில்லை, சத்தியமாக. மாப்பிள்ளை மட்டும் சிரித்துவிட்டார். “ஊட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்தார்கள். அம்மா மீதி பஜ்ஜியை அப்படியே மூடி வைத்தாள். என்னோடு பேச்சில்லை.

ஜன. 24, புதன்

வகுப்பில் அதே கேள்வி மிச்சம். கட்சி மாறிக்கொள்கிறேன் என்றேன். பாதிரியார் காரணம் கேட்டார். எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் தரகர். வேண்டாமாம். “பொண்ணு ரொம்பப் பேசுதாம்.” அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள்.

நிம்மதி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அடுப்பங்கரையில் அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவள் அழுவது என்னால்தான். சிரித்தாரே, அவரை நினைத்தும் கொஞ்சம் வருத்தம்.

ஜன. 26, வெள்ளி

லீவு. துணி ஊறப் போட்டேன். அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை. குழாயடிக்கு அவள் முன்னால், நான் குடத்தோடு பின்னால்.

எதிர்வீட்டு அக்கா அங்கே இருந்தாள். “இன்னாக்கா, சரித்திரம் படிக்கிற பொண்ணு வாணான்னுட்டாங்களாமே?”

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். “அது சரித்திரம் படிக்கல. தத்துவம் படிக்குது.”

“ஐயய்யோ. அதப் படிச்சா கன்னியாஸ்திரி...”

“ஏப்ரல்ல பரீட்ச கீது. எழுதி முடிக்கட்டும், அப்பால மத்தது. தரகர் இந்தப் பக்கம் வந்தா நீயே சொல்லிடு.”

என் பக்கம் திரும்பவே இல்லை.

“இன்னா வாயப் பாத்துகினு நிக்கிற? கொடத்த எடு.”