ஹவுளில் இருந்த பெத்தியா

2024 மே 14
கப்பி மீன். இரண்டு வாளி. எங்கள் ஓடையில் கொட்டிவிட்டார்கள். டெங்கு ஒழிப்பாம். கொட்டியவன் என் தம்பி றிஸ்வான். வாலிபர் சங்கப் பனியனோடு, படத்துக்குச் சிரித்தபடி.

டெங்கு நுளம்பு ஓடையிலா முட்டையிடுகிறது? தயிர்ச்சட்டியில். டயரில். அவன் பட்டறைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் டயரில்!

"ராத்தா, மீனோட மீன் இருந்தா என்ன? பெத்தியாவுக்குக் கூட்டாளி கெடச்சிச்சு" என்கிறான்.

கூட்டாளி. குஞ்சைத் தின்னும் கூட்டாளி.

மே 15
பெத்தியா. விரல் நீளம்கூட இல்லை. உடம்பில் இரண்டு கரும்புள்ளி, ஆணுக்குச் செம்மஞ்சள் செட்டை. நிழல் விழும் மெதுநீரில், வேருக்குள் முட்டை. இலங்கைக்கு வெளியே எங்குமில்லை. என் ஆய்வு முழுவதும் அலுவிகாரைக்குப் பின்னால் இந்த ஓடையில் உள்ள ஒரு மடுவில்தான்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? யாருக்கு நிரூபிக்க?

ஜூன் 26
சுகாதாரப் பரிசோதகரிடம் போனேன். "நாங்க கிணத்துக்கும் தொட்டிக்கும் தந்தது. ஓடைக்கு ஊத்தச் சொல்லல்லயே, மிஸ்."

அப்படியானால் எடுங்கள் என்றேன். சிரித்தார்.

செப்டம்பர் 9
வலையில் கப்பி, கப்பி, கப்பி. பெத்தியாக் குஞ்சு ஒன்றுகூட இல்லை.

2025 ஜனவரி 22
இப்போது பெரியவையும் இல்லை.

பேராசிரியர் தொலைபேசியில்: "வேற மீனொன்று எடுங்களேன்."

வேற மீன். கடையில் மாற்றிக்கொள்ளும் செருப்பா? அழிச்சிட்டாங்க சேர், கண்ணுக்கு முன்னாலயே அழிச்சிட்டாங்க —

பெப்ரவரி 6
றிஸ்வானோடு பேச்சில்லை. உம்மா எங்களுக்குத் தனித்தனியாகச் சோறு போடுகிறார்.

பெப்ரவரி 24
நோன்புக்கு முன் பள்ளிவாசல் ஹவுளை, தொழுமுன் கைகால் முகம் கழுவி வுழூச் செய்யும் அந்தத் தொட்டியை, இறைத்துக் கழுவுவார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு றிஸ்வான் வாசலில் நின்றான். சாரம் நனைந்திருந்தது. கையில் வாளி.

"ராத்தா, கோவிக்காம ஒருக்காப் பாருங்க. ரெண்டு புள்ளி இரிக்கி."

பெத்தியா!

பள்ளியில் பாங்கு சொல்லிவந்த பழைய மோதினார் எப்போதோ ஓடையிலிருந்து அள்ளி விட்டவையாம், நுளம்புப் புழுவைத் தின்னட்டும் என்று. "சின்னதுல இருந்து இதுகள பாத்துக்கிட்டுத்தான் மொகம் கழுவுறேன். இதுதான் அதுன்னு தெரியல்ல, ராத்தா."

ஓடை நெடுக மடு மடுவாகத் தேடினேன். இருந்தது இரண்டு வேலி தள்ளி, ஒரு மதிலுக்குள். பெண் என்பதால் நான் போக முடியாத பள்ளி மதில். பட்டமும் வலையும் கையில் இருந்தும் — இதற்கு யாரோடு கோவிப்பது?

அழுதேன். கண்ணீர் வாளிக்குள் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

மே 20
மறுபடி டெங்கு வாரம். பரிசோதகர் கப்பிப் பையோடு வந்தார். ஹவுள் பெத்தியாக்களை நாங்கள் விட்டு வளர்க்கும் வீட்டுச் சீமெந்துத் தொட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். புழு ஒன்றுமில்லை. வேர்களுக்கிடையே ஊசிமுனை போலக் குஞ்சுகள்.

"என்ன மீன் இது?"

நான் வாய் திறக்குமுன் றிஸ்வான்: "இங்கத்த மீன், சேர். அந்தப் பையக் கொண்டு போயிருங்க."

கேற்வரை பின்னாலேயே போனான், அவர் ஓடைப் பக்கம் திரும்புகிறாரா என்று பார்க்க.

பட்டறைக்குப் பின்னால் டயர்கள் இன்னும் அப்படியேதான். நாளை அவனோடு சண்டை பிடிக்க வேண்டும்.