பாட்டிலை விட்டு வந்த பதினாறு செடிகள்

பத்து நாளாகக் கழுவ மனம் வராமல் வைத்திருந்த பாட்டிலை இன்று காலை கழுவினேன். சோப்புப் போட்டும் விரலில் புளித்த வாழைப்பழ வாடை போகவில்லை. லேபில் ஆர்க்கிட் விதை போட நீ காய்ச்சும் ஜெல்லியின் வாடை அது. வேலை முடிந்து நீ வந்தால் உன் துப்பட்டாவிலும் அடிக்கும்.

உன் வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார். “அவ போட்ட கடைசி பாட்டில்மா. லேப்ல குடுத்தாங்க. இலை மூடிய முட்டுது, உடனே நட்டுடணுமாம்.” உள்ளே பதினாறு செடிகள். கழுவி, தேங்காய் மட்டைத் துண்டிலும் கரியிலும் நட்டு, என் வீட்டு மாடியில் நாம் இருவரும் கட்டிய நிழல்வலைக்குள் தட்டில் வைத்து, பிளாஸ்டிக் மூடி போட்டேன். தினமும் மூடியைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி வைத்தேன். அதை முழுதாக எடுக்கவேண்டிய நாள் இன்று.

நாம் முதன்முதலில் மூடியை எடுத்த நாளில் செடியெல்லாம் மதியத்துக்குள் துவண்டுவிட்டது. நான் பூவாளியோடு ஓடினேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய். “ஏய், ஊத்தாதடி! பாட்டில்லயே வளந்தது, காத்து புதுசு. சாயங்காலம் பாரு.” உனக்கு ஈரமே இல்லை என்று கத்தினேன். மாலையில் நாலைத் தவிர எல்லாம் நிமிர்ந்தன. உன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது, எப்போதும் நீதான் சரி என்று.

பிறகு நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். அடுத்த தட்டு என் பொறுப்பானது. மூச்சு வாங்கிக்கொண்டே போனில் கேட்டாய்: “மூடிய எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்டி.”

“அப்போ பொழச்சிக்கும்” என்று சிரித்தாய்.

நான் எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்தேன், துவண்டது, பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டேன். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. நீ கேட்ட அன்று உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து, தண்டெல்லாம் கூழாகியிருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ இல்லை.

இன்று ஒன்பது மணிக்கு மூடியை எடுத்தேன். பதினோரு மணிக்குப் பதினாறும் தலை சாய்ந்துவிட்டன. மூன்று முறை மூடியைக் கையில் எடுத்தேன். இவையும் போனால் உன் கைபட்டதென்று எதுவும் மிச்சமில்லை. கடைசியில் மூடியோடு கீழே இறங்கி, அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து, “சாயங்காலம் வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காதீங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நாலு மணிக்கு மாடி ஏறினேன். பதினொன்று நிமிர்ந்திருந்தன. மூன்றைப் பற்றி இப்போது சொல்ல முடியாது. இரண்டு போய்விட்டன, பிடுங்கிப் போட்டேன்.

அந்தப் பொய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இவை பூத்தாலும் அது போகாது. ஆனால் நீ கேட்டதற்கு இன்று பதில் சொல்ல முடிகிறது.

எடுத்துட்டேன்டி.