கோட்டைப் பாதை வளைவில்

அன்பே,

சனிக்கிழமை மோசல் ஆற்றோரம் சைக்கிளில் தனியாகப் போனேன். திராட்சைத் தோட்டங்கள் வழியே பழைய கோட்டைக்கு ஏறுகிற சரளைப் பாதையை மழை அரித்திருந்தது. வளைவில் சக்கரம் வழுக்கி விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதே.

கொடிகளில் இலை கிள்ளிக்கொண்டிருந்த வின்ஃப்ரீட் ஓடிவந்து தூக்கிவிட்டார். வருஷா வருஷம் நமக்கு வைன் ஊற்றித் தருகிறவர், உன்னை மறப்பாரா?

"எங்கேம்மா உன் வீட்டுக்காரரு? உனக்கு முன்னாடி மேல வந்து நின்னுக்கிட்டு, ஆமை வருது பாருங்கன்னு கிண்டல் பண்ணுவாரே!"

"பின்னாடி வர்றாரு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே ஒரு படகு மெதுவாகக் கடந்து மறைந்தது.

"இன்னும் காணோமே, அவரும் எங்கயாவது விழுந்து கெடக்காரோ?" என்று டிராக்டரில் ஏறிக் கிளப்பிவிட்டார். நொண்டிக்கொண்டே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வரமாட்டாருங்க. ஈஸ்டர் முடிஞ்சதுமே என்னை விட்டுட்டு ஹாம்பர்க் போயிட்டாரு."

இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் எஞ்சினை அணைத்தார். "சரி, நீ வான்னு கூப்பிட்டியா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கீழே இறங்கினேன்.

உன் சைக்கிளுக்கு நேற்று காற்றடித்து வைத்தேன். அறுவடைக்குள் பாதையைச் சரி செய்துவிடுவார்களாம்.

வா.

உன்னுடையவள்