கேர்ட்டிஸின் இடது குதிக்கால்

செவ்வாய், 12 ஓகஸ்ட் 1975

மழை. நேற்றுக் காயப்போட்ட உடுப்பு இன்னும் ஈரம். ஹீற்றருக்கு முன்னாலை கதிரைகளிலை விரிச்சுப்போட்டு வேலைக்கு.

வாங்க: பாண், பால், பருப்பு (எந்தக் கடையிலை?), அகலப் பிளாஸ்ரர் ஆறு சுருள்.

ஆஸ்பத்திரி முடிய, ஐஞ்சரைக்கு கூடைப்பந்துக் கிளப். நான் அவங்களுக்கு பிசியோ எண்டு எழுதினால் மெல்பேர்னிலை எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு அக்கா நினைப்பா. கிழமையிலை இரண்டு பின்னேரமும் ஆட்ட நாளும்.

அணியின்ரை அமெரிக்கன் கேர்ட்டிஸ் காராலை இறங்கேக்கை யன்னலுக்காலை பார்த்தன். இடது காலை ஊண்டேல்லை. கதவைப் பிடிச்சு, வலதை வைச்சு, பிறகுதான் இடது. உள்ளுக்கு வரேக்கை ராசா மாதிரி நடை. நடிப்பு.

மேசையிலை படுக்கவைச்சன். ஆறடி ஏழங்குலம், கால் இரண்டும் வெளியாலை நீட்டிக்கொண்டு. கெண்டைக்காலையும் குதியையும் இணைக்கிற நாணிலை வீக்கம். அமத்த மூச்சை இழுத்தான்.

"எவ்வளவு நாளா?"

"இரண்டு கிழமை."

"பொய்."

"ஐஞ்சு."

"கோச்சுக்குத் தெரியுமோ?"

"பிரையன் கேக்கேல்லை. நான் சொல்லேல்லை."

சனிக்கிழமை இறுதியாட்டம்.

புதன், 13

மழை இல்லை. வானம் சாம்பல். வார்டிலை இடுப்பு முறிஞ்ச கிழவி நாலடி நடந்தா. கெட்டிக்காரி.

மத்தியானம் கன்ரீனிலை இருக்க, எல்லாரும் திரும்பிப் பார்க்கினம். வாசலிலை கேர்ட்டிஸ், தலையைக் குனிஞ்சுகொண்டு. வந்து முன்னாலை இருந்தான். முழங்கால் மேசையிலை முட்டுது.

தந்தி ஒண்டை விரிச்சு வைச்சான். இத்தாலிக் கிளப் ஒண்டு. இரண்டு வருச ஒப்பந்தம். அவங்கடை ஆள் சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வாறார்.

அவன்ரை கதையை இண்டைக்குத்தான் முழுசாக் கேட்டன். ஒஹாயோவிலை கொலிஜுக்கு ஆடினவன். ஃபோர்வர்ட், கூடைக்குக் கிட்ட நிண்டு பாய்ஞ்சு போடுறவன். ஊர்ப் பேப்பரிலை கிழமைக்கு ஒரு படம். பிறகு பெரிய அணி ஒண்டு பயிற்சிக்குக் கூப்பிட்டு நாலாம் நாள் அனுப்பிவிட்டுது. பெல்ஜியத்திலை ஒரு வருசம், பிறகு இஞ்சை. கிளப் வீடு, கிளப் கார், பகலிலை பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பந்து பழக்கிற வேலை. அப்பா, அண்ணன் இரண்டு பேரும் ரயர் தொழிற்சாலையிலை. "எனக்கும் அங்கை ஒரு இடம் இருக்காம். அம்மா கடிதத்துக்குக் கடிதம் எழுதுறா."

நான்: நாணிலை சின்னக் கிழிவு இருக்கு. ஆறு கிழமை ஓய்வு வேணும். இப்ப பாய்ஞ்சால் அறும்.

"கட்டாயம் அறுமோ?"

"கட்டாயம் எண்டு சொல்ல ஏலாது."

"அப்ப அறாமலும் விடலாம்."

அவன் தந்தியை மடிச்சு, மேசையிலை கிடந்த பாண்தூளைக் கையாலை கூட்டி எடுத்தான்.

"எனக்கு இருபத்தாறு, மிஸஸ் ராஜா. இப்பிடித் தந்தி இன்னொருக்கால் வராது."

வியாழன், 14

காத்து. ட்ராமுக்கு நிக்கேக்கை குடை மறுபக்கம் பிரண்டிட்டுது.

பயிற்சி முடிய பிரையன் படிவத்தைக் கொண்டுவந்தார். பத்துப் பேர். ஆட உடல் தகுதி உண்டோ எண்டதுக்கு ஒவ்வொரு பேருக்கும் நேரை என்ரை கையெழுத்து.

"எல்லாரும் நல்லாத்தானே இருக்கிறாங்கள்?" கேக்கேக்கை என்ரை முகத்தைப் பார்க்கேல்லை. கேர்ட்டிஸின்ரை நடையை இந்த மனுசன் காணேல்லையோ?

ஒன்பது பேருக்கு விறுவிறெண்டு போட்டன். பிறகு அவன்ரை பேர். மற்றப் பக்கத்திலை பந்துகளை வலையிலை கட்டிக்கொண்டு நிண்டவன் கையை நிப்பாட்டிப்போட்டு என்னையே பார்த்தான்.

போட்டிட்டன்.

ஏன்? இஞ்சை வந்த புதிசிலை என்ரை சான்றிதழை ஏற்கமாட்டம் எண்டு, இரண்டு வருசம் முதியோர் இல்லத்திலை ஆக்களைத் தூக்கி இருத்தினனான். கடைசியிலை அங்கத்தைத் தலைமை நேர்ஸ், மேற்றன், ஒரு தாளிலை, இவ எனக்குக் கீழை பிசியோ வேலை ஆறு மாசம் செய்தவ எண்டு எழுதித் தந்தவ. உண்மையிலை நாலு மாசம். அந்த இல்லாத இரண்டு மாசத்திலைதான் நான் இண்டைக்கு நிக்கிறன்.

வீட்டை வந்து இவருக்குச் சொன்னன். பேப்பரை மடிச்சு வைச்சார்.

"கையெழுத்து வைச்சனீரோ?"

"ஓம்."

"அதிலை கிடக்கிறது உம்மடை பேர், அவன்ரை இல்லை." அவ்வளவுதான். திருப்பிப் பேப்பர்.

வெள்ளி, 15

வெயில், ஆனால் குளிர்.

பிரையனுக்கு ஆஸ்பத்திரியிலை இருந்து இரண்டு தரம் போன். முதல்தரம் ஆள் இல்லை. இரண்டாந்தரம் எடுத்தார்.

"என்ன விசயம்?"

"நாளைக்குப் பிளாஸ்ரர் கூட வேணும்" எண்டன். கோழை.

நாளைக்கு: குதிக்குக் கீழை வைக்க ரப்பர் துண்டு (இரண்டு). பஞ்சு. கத்தரிக்கோல். ஐஸ், ஒரு வாளி. பாதம் மேலை மடங்காத மாதிரிக் கட்டு, முழங்காலுக்குக் கீழை இருந்து.

சோறு அடிப்பிடிச்சிட்டுது. இவர் அதையே சாப்பிட்டார்.

சனி, 16

மழை. தகரக்கூரை, உள்ளுக்கு ஒரே இரைச்சல். விசில் சத்தம் அரைவாசி கேக்கேல்லை.

நாலு மணிக்குக் கட்டினன். முடிய எழும்பி, குதிக்காலை நிலத்திலை தட்டிப் பார்த்து, "நல்லாயிருக்கு" எண்டான். நெற்றி முழுக்க வேர்வை, ஆட்டம் தொடங்க முன்னமே.

இத்தாலிக்காரர் மூண்டாம் வரிசை. தவிட்டுநிறக் கோட்டு, மடியிலை கொப்பி.

முதல் பாதி. இவ்வளவு நாள் பார்த்ததிலை இப்பிடி ஆடிக் காணேல்லை. பந்து எங்கை விழும் எண்டு மற்றவைக்கு முதலே தெரியுது அவனுக்கு. இரண்டு பேரைப் பிளந்துகொண்டு பாய்ஞ்சு மேலாலை போட்டான். சனம் எழும்பி நிண்டுது. நான் காலைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தன். கொப்பியிலை அந்தாள் எழுதுறார்.

இடைவேளை. கட்டு இளகியிருந்தது, இறுக்கினன். "நோ இருக்கோ?" "இல்லை." கண் கலங்கியிருக்கு.

இரண்டாம் பாதி, ஒன்பது நிமிசம் இருக்க. ஒருத்தரும் கிட்ட இல்லை. பந்துக்கு எழும்ப இடது காலை ஊண்டினான். ஒரு சத்தம், பலகை முறிஞ்ச மாதிரி. அந்த இரைச்சலிலையும் எனக்குக் கேட்டது. விழேல்லை, நிண்டு பின்னாலை திரும்பிப் பார்த்தான். ஆரோ உதைஞ்சுபோட்டாங்கள் எண்டு நினைச்சிருக்கிறான். பின்னாலை வெறும் தரை. பிறகுதான் இருந்தான்.

ஓடிப்போனன். குப்புறப் படுக்கவைச்சுக் கெண்டைக்காலைப் பிழிஞ்சன். நாண் இருந்தால் பாதம் அசையும். அசையேல்லை. திரும்பவும் பிழிஞ்சன்.

"ஆர் உதைஞ்சது?" எண்டான்.

"ஒருத்தரும் இல்லை."

நிலத்திலை முகத்தை வைச்சுக்கொண்டான்.

நாங்கள் மூண்டு புள்ளியாலை வெண்டதாம். அம்புலன்சுக்குள்ளை இருக்கேக்கை ஆரவாரம் கேட்டது. தவிட்டுநிறக் கோட்டு எப்ப போனதோ தெரியாது.

ஞாயிறு, 17

காலமை சத்திரசிகிச்சை. இரண்டு முனையும் தேடி எடுத்துத் தைச்சதாம். முழங்காலுக்கு மேலை வரை மாக்கட்டு.

பின்னேரம் போனன். இவரும் வந்தார், கேக்காமலே. தோடம்பழம் நாலு. கட்டில் நீளம் காணாமல் கேர்ட்டிஸ் மூலைப்பாட்டுக்குக் கிடந்தான்.

"பிரையன் வந்தவர்" எண்டான். "நோவை நான்தான் ஒளிச்சனான், நீங்கள் கேட்டீங்கள், நான் இல்லையெண்டு சொன்னனான் எண்டு சொல்லிப்போட்டன். உங்கடை வேலைக்கு ஒண்டும் வராது."

நிம்மதியா இருந்தது. அதை இஞ்சை எழுதத்தான் வேணும். நிம்மதியா இருந்தது.

திங்கள், 18

கிளப் செயலாளர் போன் பண்ணினார். நல்ல மனுசன் மாதிரித்தான் கதைச்சார். கேர்ட்டிஸ் காயத்தை மறைச்சு ஆடினபடியாலை ஒப்பந்தம் முறியுதாம். அது எழுத்திலை இருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ளை கிளப் வீடு விடவேணும், ஊருக்கு ரிக்கற் எடுத்துக் குடுப்பினமாம். நாளைக்குக் கமிட்டி. "நீங்கள் வரத் தேவையில்லை. அவன் உங்களையும் ஏமாத்தினவன் எண்டு எங்களுக்குத் தெரியும்."

மாக்கட்டோடை முப்பது மணித்தியாலம் பிளேனிலை. அங்கை ஆர் பார்க்கிறது? இஞ்சை எண்டால் ஆறு மாசம் ஒவ்வொரு நாளும் பயிற்சி குடுக்கலாம்.

கமிட்டிக்குப் போனால் என்ன ஆகும் எண்டு இவரிட்டைக் கேட்டன்.

"உமக்குத் தெரியும் என்ன ஆகும் எண்டு."

"என்ரை பிசியோப் பதிவையும் பறிப்பினமோ?"

"பறிக்கலாம்." குசினியிலை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவர், தண்ணியைப் பூட்டினார். "ஏழு மணிக்கோ? நான் கார் எடுக்கிறன்."

செவ்வாய், 19

தூறல். நாள் முழுக்கத் தேத்தண்ணி மட்டும்.

கமிட்டி அறை, நீட்டு மேசை, ஆறு ஆம்பிளையள், சிகரெட் புகை. வெற்றிக் கிண்ணம் நடுவிலை. எனக்குக் கதிரை தேடினவை. வேண்டாம் எண்டன்.

கேர்ட்டிஸ் மறைக்கேல்லை, போன செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும், கிழிவு இருக்கெண்டு தெரிஞ்சுதான் கையெழுத்து வைச்சனான் எண்டன்.

தலைவர் சிகரெட்டை நூத்தார். "மிஸஸ் ராஜா, நீங்கள் என்ன சொல்லுறீங்கள் எண்டு உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது."

"அவனிலை இரக்கப்பட்டுச் சொல்லுறீங்கள்."

"இல்லை. செவ்வாய்க்கிழமை எழுதின சிகிச்சைக் கொப்பி இருக்கு. திகதியோடை." மேசையிலை வைச்சன்.

பிரையனைப் பார்த்தன். கிண்ணத்தின்ரை பிடியைத் துடைச்சுக்கொண்டு இருந்தார், விரலாலை.

முடிவுக்கு வெளியாலை ஒரு மணித்தியாலம் காத்திருந்தம். காரிலை இவர் றேடியோ போடேல்லை.

செயலாளர் வந்து சொன்னது: கிளப்பின்ரை பிசியோவுக்குத் தெரிஞ்சிருந்தால் பொறுப்பு கிளப்பிலைதான். கேர்ட்டிஸ் நடக்கும் வரைக்கும் வீட்டிலை இருக்கலாம், சிகிச்சையும் பார்ப்பினம். எனக்குக் கிளப் வேலை இல்லை, இண்டையோடை. பதிவுச் சபைக்குக் கடிதம் போகும்.

"மன்னிக்கவேணும்" எண்டார்.

"கடிதம் போகத்தான் வேணும்" எண்டன்.

வியாழன், 21

காலமை ஆஸ்பத்திரி மேலாளரிட்டை நானே போய்ச் சொன்னன். சபை முடிவு வரும்வரைக்கும் வேலை செய்யலாம், மேற்பார்வையோடை. அவ கத்தேல்லை. கத்தியிருந்தால் சுகம்.

பின்னேரம் கேர்ட்டிஸிட்டை. அவனுக்குக் கதை போயிட்டுது.

"உங்களை ஆர் கேட்டது?" சரியான கோவம். "நான் சொன்னதோடை விட்டிருக்கலாம். இப்ப இரண்டு பேருக்கும் போச்சு."

"கையெழுத்து என்ரை."

"நான்தான் கெஞ்சினனான்."

"கெஞ்சினது நீ. போட்டது நான்."

நேர்ஸ் வந்து சூடு பார்த்துப்போட்டுப் போனா. அடுத்த கட்டில்காரர் குறட்டை.

"திருப்பி ஆடுவனோ?" எண்டான், முகட்டைப் பார்த்துக்கொண்டு.

இந்தமுறை உள்ளதைச் சொன்னன். நடப்பாய். ஓடுவாய். பாயலாம், ஆனால் பழைய உயரம் வராது. காசு குடுத்துக் கூப்பிடுற ஆட்டம் இனி இல்லை எண்டுதான் நினைக்கிறன்.

சுவர்ப் பக்கம் திரும்பினான். மாக்கட்டோடை திரும்ப ஏலாமல், அரைவாசி. தோள் குலுங்கினது. நான் எழும்பேல்லை.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரும்பாமலே: "மாக்கட்டு எப்ப வெட்டுவினம்?"

"எட்டாவது கிழமை."

"அண்டைக்கு முதல் என்ன செய்யவேணும்?"

"பெருவிரலை மெல்ல மடக்கி நீட்டவேணும்."

"இப்பவோ?"

"ஓம், இப்ப."

மாக்கட்டின்ரை நுனியிலை விரல் அசைஞ்சது. கொஞ்சம்தான். "இன்னொருக்கால்" எண்டன்.